மூன்றாம் பக்கம், ஏழாவது வரி

தொண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான்.
டைப் அடிக்கப் பக்கத்துக்கு நாற்பது,
மொழிபெயர்ப்பென்றால் நூற்றைம்பது.
பத்திரம், பாஸ்போர்ட், டீசல் மானிய மனு
எல்லாம் என் விரல் வழியே போயிருக்கின்றன.
இப்படி ஒரு படிவம் வந்ததில்லை.

கொண்டுவந்தவர் நாகசுந்தர்.
ஷார்ஜாவில் கிரேன், இருபத்தாறு நாள் லீவு.
பின்னால் களஞ்சியம்,
அவள் சேலையைப் பிடித்தபடி சின்னவள்.
பெரியவள் பள்ளிக்கூடத்தில்.
"இவளுக்கு இங்கிலீஷ் வராது. தமிழ்ல இருந்தா
கையெழுத்துப் போட்டுருவா."

ஏதோ ஒரு தீவு, ஏதோ ஒரு மருத்துவமனை, ஆறு பக்கம்.
விந்தணுவுக்குச் சாயம் ஏற்றுவார்களாம்.
லேசர் வெளிச்சத்தில்
பெண்ணுக்குரியது ஒரு பொட்டு கூடுதலாக மின்னுமாம்.
மின்னுவதை ஒதுக்கிவிட்டு
மங்கலை எடுத்துக்கொள்வார்களாம்.

அந்தச் செயலுக்கு ஒரு சொல் தேடி
அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிரித்தல் என்றால் அண்ணன் தம்பி சொத்து.
சலித்தல், மாவு.
புடைத்தல், அரிசி.
கழித்தல்,
ஏலக் கூடத்தில் வயிற்று மடலைப் புரட்டிப் பார்த்து
நண்டு கழிக்கிறவர்களின் சொல். அடித்தேன். அழித்தேன்.
கடைசியில் 'வகைப்படுத்துதல்.'
எந்த வாடையும் அடிக்காத சொல்.

ஆண் என்று அடித்தாலும்
பெண் என்று அடித்தாலும்
விரல் போய் நிற்பது
அதே ண், அதே புள்ளி.

எதிர் ஸ்கேன் சென்டரில் தொங்கும் போர்டு
நான் அடித்துக் கொடுத்ததுதான்:
கருவில் இருப்பது ஆணா பெண்ணா
சொல்லமாட்டோம், கேட்பதும் குற்றம்.
கருவாகும் முன்னே தேர்ந்தெடுப்பதும் குற்றம்,
அதே சட்டத்தில் இருக்கிறது,
போர்டில் இடம் போதவில்லை.
சொன்னேன்.
"அதனாலதானே அங்க போறோம்" என்றார்.

கடலில் ஒரு கோட்டைத் தாண்டினால் சட்டம் மாறும்.
இந்த ஊருக்கு அதை யாரும் கற்பிக்க வேண்டாம்.
மீனுக்குத் தாண்டினால் பிடித்துப் போகிறார்கள்.
இதற்கு விசா கொடுக்கிறார்கள்.

மூன்றாம் பக்கம், ஏழாவது வரி:
'இச்சாயத்தாலும் ஒளியாலும் குழந்தைக்கு
நீண்ட காலத்தில் என்ன நேரும் என்பது
இன்னும் அறியப்படவில்லை.'
எட்டாவது:
நூற்றுக்கு இருபது தடவை தவறலாம்,
தவறினால் பணம் திரும்பாது.

குரலைத் தாழ்த்திக்கொண்டு,
"எட்டாவது இருக்கட்டும், அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.
ஏழாவதை மட்டும் விட்டுருங்க.
படிச்சா இவ தூங்கமாட்டா."
நல்ல மனுஷர்தான்.
அவர் கண்ணிலும் தூக்கம் இல்லை.
அதற்குள் அம்மாவின் போன் மூன்று தரம் வந்துவிட்டது.

மேசைக்கடியில் சின்னவளும் பஞ்சிங் மெஷினும்.
உப்புக்காற்றில் துருவேறியது,
இரண்டு கையாலும் அமுக்குகிறாள்.
என் தப்பு பிரிண்டுகளிலிருந்து
பொட்டுப் பொட்டாக உதிர்கிறது காகிதம்.
எழுத்து விழுந்தது இந்தப் பக்கம்,
விழாதது அந்தப் பக்கம்.
யாரும் சொல்லித் தரவில்லை.

வரியை நான் விடவில்லை.
தைரியம் என்று சொல்லமாட்டேன்.
அவர் கேட்கும்போதே அந்தப் பக்கம்
பிரிண்டரிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது.

களஞ்சியம் வாசல் வெளிச்சத்தில்
விரல் வைத்துப் படித்தாள்.
ஏழாவதில் விரல் நின்றது.
"அறியப்படலைன்னா...
பின்னாடி அறிஞ்சா வந்து சொல்லுவாங்களா?"
அவர் என்னைப் பார்த்தார்.
நான் படிவத்தைப் பார்த்தேன்.
அதற்கு வரி இல்லை.
"யாருகிட்ட சொல்லுவாங்க? எங்கிட்டயா,
அந்தப் புள்ளைகிட்டயா?"

கையெழுத்துப் போடவில்லை.
போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.
ஆறு பக்கத்தையும் நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.
தொள்ளாயிரம் நீட்டினார். நூற்றைம்பதைத் திருப்பினேன்.
எந்தப் பக்கத்துக்கு என்று அவர் கேட்கவில்லை.

தேவிபட்டினம் பஸ் வந்தது, போனார்கள்.

பூட்டும் நேரம் மேசைக்கடியில் பெருக்கப் போனால்
ஒரு குவியல்தான் கிடந்தது.
இன்னொன்றைச் சின்னவள் அள்ளிப் போயிருக்கிறாள்.
எழுத்து உள்ளதையா, இல்லாததையா?
குனிந்து பார்க்கவில்லை.